மாற்றிய கவர்

வயிற்று ஆபரேஷனுக்குத் தோலைக் கத்தியால் கீறுவது நல்லதா, மின்சாரப் பேனாவால் கீறுவது நல்லதா? தலைமை சர்ஜனின் ஆராய்ச்சி இதுதான். யாருக்கு எது என்பதை ஒட்டிய கவருக்குள் இருக்கும் சீட்டுதான் முடிவு செய்யும். காயம் எப்படி ஆறுகிறது என்று பார்த்துக் குறிக்கும் நர்ஸுக்கு அது தெரியக்கூடாது. பதினோரு மாதமாக, நோயாளிகள் ஏதாவது சொல்ல வந்தாலே "எங்கிட்ட சொல்லாதீங்க" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஹாஸ்டல் சமையல்கார அம்மாவை மட்டும் அடக்க முடியவில்லை. ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் அவளுக்குத் தையல் விட்டு, சீழ் வைத்திருந்தது. நர்ஸ் துடைக்கத் துடைக்க அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"முதுகுலதானே ஊசி போட்டாங்க, முழிச்சுட்டுதான் இருந்தேன். பெரிய டாக்டர் கவரைப் பிரிச்சாரு, என் வயித்தைப் பார்த்தாரு. 'இவ்வளவு கொழுப்பு, லேசுல ஆறாது. பேனாவுக்குக் கெட்ட பேரு வந்துடும். கத்தின்னு வர்ற வரைக்கும் வேற கவரைப் பிரி'ன்னாரு. என் வயிறு என்ன காய் நறுக்குற பலகையா?"

நர்ஸ் கட்டுப் போட்டு முடித்து நேராக சர்ஜன் அறைக்குப் போனாள்.

"கவரை மாத்தினீங்களா சார்?"

அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலஞ்சு கேஸ்தான் சிஸ்டர். அடுத்த வாரம் மாநாடு. கட்டுரையில உங்க பேரையும் சேர்த்துடறேன்."

"என் பேரா? என் கண்ணைக் கட்டிட்டு நீங்க எட்டிப் பார்த்திருக்கீங்க!"

"குரலை உயர்த்தாதீங்க. காயம் கட்டுறதுதான் உங்க வேலை."

"கட்டிட்டுதான் வந்திருக்கேன். அந்தம்மா வலியில துடிக்கிறாங்க, அதையும் உங்க பேனாவுக்கு லாபமா எழுதுவீங்களா?"

அன்றே புகார் எழுதினாள். சமையல்கார அம்மாவும் அதில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள். விசாரணையில் மயக்க மருந்து டாக்டர் உண்மையைக் கக்கினார். மாற்றியது நாலஞ்சு இல்லை, பத்தொன்பது. ஆராய்ச்சி மொத்தமாக ரத்தானது. சர்ஜனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், நர்ஸுக்குத் தடுப்பூசி அறைக்கு மாற்றல்.

இரண்டு மாதம் கழித்து, புண் ஒருவழியாக ஆறிய சமையல்கார அம்மா அவளைத் தேடி வந்தாள்.

"கடைசியில எதும்மா நல்லது? கத்தியா, பேனாவா?"

"தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் அத்தனை பேரு நம்பி வயித்தைக் கொடுத்தீங்க. பாவி, நாசமாக்கிட்டான் அவன்."

முதல்முறையாக சர்ஜனை 'அவன்' என்றாள். திருத்திக்கொள்ளவில்லை.