வெறும் கோபந்தான்

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவு ஜாக்கெட் கொடுக்காமல், “போன தடவை மாதிரியே தெச்சிருங்கக்கா” என்று துணியை வீசிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். மல்லசமுத்திரத்தில் பதினைந்து வருடமாகத் தையல் மிஷின் ஓட்டுகிறேன், வராமல் எப்படி இருக்கும்?

கோபம் வேறு, எனக்கிருக்கும் நோய் வேறு. நோயின் பெயர் பைபோலார். ஆறு வருடத்துக்கு முன்னால் எட்டு நாள் தூங்காமல், ஊரார் தைக்கக் கொடுத்திருந்த பதினோரு ஜாக்கெட் துணிகளை வெட்டித் தெரு முழுக்கத் தோரணம் கட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம், அப்படி ஒரு வேகம். அப்புறம் மூன்று வாரம் பாயை விட்டு எழவில்லை, தலைகூட வாரவில்லை. டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கும் ஒரு டாக்டர்தான் இது என்னவென்று எனக்குப் புரியவைத்தார். அவர் நன்றாக இருக்கட்டும். அன்றிலிருந்து தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் டெஸ்ட். டெஸ்ட் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் காளிதாஸுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருப்பார். தோரணம் கட்டிய கடைசி நாளில்தான் ஊருக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்த அந்த மஞ்சுளாவாகவே நான் அவர் மனதில் தங்கிவிட்டேன். பிறகு நான் பால்காரரிடம் சத்தம் போட்டால்கூட, “ஆரம்பிச்சுருச்சு” என்று முகம் வெளுத்துவிடும். அந்தப் பயம் முற்றித்தான் விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டார். எங்கள் மகள் நர்மதாவுக்கு அப்போது எட்டு வயது. இவளிடம் பிள்ளையை விட முடியாது என்று திருச்செங்கோட்டில் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அங்கே அவளைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார் அன்புச்செல்வி, மில் வேலைக்குப் போகிறவள்.

குடும்ப நலக் கோர்ட்டு, ஆலோசகர் கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், கோர்ட்டில் இருக்கும் குழந்தைகள் அறையில் வைத்து நான் மகளைப் பார்க்கலாம். கால் உடைந்த யானைப் பொம்மை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி நாலு, கதவோரம் ஒரு போலீஸ்காரம்மா. நர்மதா என் மடியில் உட்காரமாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், எப்போது வெடிப்பேனோ என்று. அந்தப் பார்வைக்குச் செத்துப்போகலாம் என்று இருக்கும்.

என் வக்கீல் பாலசுந்தரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“கோர்ட்டுக்குள்ள வாயே தெறக்காதீங்கம்மா. நீங்க ஒரு வார்த்தை ஒரக்கப் பேசுனாப் போதும், அதுவே அவங்களுக்கு ஆதாரம்.”

பதினாலு மாதம் வாயைக் கட்டினேன். ஆட்டோக்காரரிடம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளைக்காக எதையும் செய்யலாம், ஆனால் எனக்கு அது சாதாரண காரியமில்லை.

ஆலோசகரின் ரிப்போர்ட்டை எங்களுக்கு அதுவரை யாரும் காட்டவில்லை. போன ஜூனில்தான், முந்தின வருடம் எழுதிய அதை எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து படித்தார். “பிப்ரவரி பதிமூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எதிர்மனுதாரர் மஞ்சுளாவின் வீட்டுக்கு நேரில் சென்றேன். வீடெங்கும் துணிகள் சிதறிக் கிடந்தன. அவர் உரத்த குரலில் என்னை விரட்டினார்.”

தையல்காரி வீட்டில் துணி சிதறாமல் தேங்காயா சிதறும்? அதையாவது பொறுத்திருப்பேன். பதிமூன்றாம் தேதி! எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

“பொய்ங்க! பச்சைப் பொய்ங்க!”

பாலசுந்தரம் நெற்றியில் கைவைத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் மெல்லச் சிரித்துக்கொண்டு, “பாத்தீங்களாம்மா, இதைத்தான் நாங்க சொல்றோம்” என்றார். போச்சு, என் பிள்ளை போச்சு.

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“எது பொய்ம்மா?”

பதினாலு மாதத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது.

“அன்னைக்கு நான் ஊட்டுலயே இல்லீங்க! விடியறதுக்கே பஸ் ஏறி ஃபேர்லேண்ட்ஸ் போயிட்டனுங்க, ரத்தம் குடுக்க. இந்தாங்க சீட்டு!” மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். பதிமூன்றாம் தேதி, எட்டு நாற்பது என்று சீட்டில் அச்சாகியிருந்தது.

“சீட்டு வாங்குனா ஆச்சா? போனது இவங்கதான்னு யாரு சொல்றது?” என்றார் அந்த வக்கீல்.

“கூட அன்புச்செல்வி வந்தாளுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் அவளை மாட்டிவிட்டோமே என்று உறைத்தது. அண்ணனுக்குத் தெரியாமல் மில்லில் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தவள் அவள். அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள், அண்ணன் சோற்றைத்தான் தின்கிறாள். நர்மதாவோடு வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

நீதிபதி கேட்டதும் அவள் அண்ணனை ஒரு தரம் பார்த்தாள். தாவணி கட்டிய காலத்திலிருந்து அவரை எதிர்த்து ஒரு பேச்சுப் பேசியறியாதவள்.

“ஆமாங்க. நான்தானுங்க கூட்டிட்டுப் போனேன். அண்ணி ஒரு டெஸ்டைக்கூட உட்டதில்லீங்க.” பிறகு காளிதாஸ் பக்கம் திரும்பி, “நீ சத்தீஸ்கர்ல இருந்தண்ணா. உனக்கு என்ன தெரியும்?” என்றாள்.

என் தாயே! கூடப் பிறந்தவள் இருந்தால்கூட எனக்கு இதைச் செய்திருப்பாளா?

ஆலோசகரை அப்போதே வரவழைத்தார்கள். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு ஒப்புக்கொண்டார். வேலை அதிகமாம், நேரில் போகவில்லையாம். காளிதாஸ் தரப்பில் கொடுத்த நம்பருக்கு போன் செய்து, அவர்கள் சொன்னதை எழுதிவிட்டாராம்.

நீதிபதி அம்மா அந்த ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார்.

“இந்த ஆலோசகர் மேல நடவடிக்கைக்கு நான் எழுதறேன். ஆனா, இந்த ரிப்போர்ட்டை உங்ககிட்டக் காட்டாம, உங்களை ஒரு வார்த்தை கேக்காம உத்தரவு போட்டது நான். தப்பு இந்தக் கோர்ட்டோடது. அதையும் உத்தரவுல எழுதறேன். பதினாலு மாசத்தை என்னால திருப்பித் தர முடியாதும்மா.”

நான் சத்தம் போட்டதைப் பற்றி அந்த வக்கீல் மறுபடியும் ஏதோ ஆரம்பித்தார். “நான் இல்லாத எடத்துல என்னைப் பாத்ததா யாராவது எழுதினா நானும் சத்தம்தான் போடுவேன், உக்காருங்க” என்றார் நீதிபதி. அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். வெளியே வந்தும் வெகுநேரம் அழுகை நிற்கவில்லை.

டாக்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கிப் பார்த்துவிட்டு, வாராவாரம் வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு சாயங்காலம் வரை நர்மதா என் வீட்டில் இருக்கலாம் என்று உத்தரவானது. நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. காளிதாஸ் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார்.

“எனக்குப் பயமுங்க டாக்டர். எப்ப என்ன ஆகும்னே தெரியல.”

“போர் போடும்போது ஈர மண்ணு வந்தா, தண்ணி கிட்ட இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? இதுக்கும் முன்னாடியே அடையாளம் இருக்கு. கோவம் அடையாளம் இல்லீங்க. தூக்கத்தைப் பாருங்க.”

டாக்டர் சொன்ன அடையாளங்களை நர்மதா நோட்டில் எழுதும்போது, “பெருசா எழுது சாமி” என்றார் காளிதாஸ். அவரும் நானும் இனிச் சேர்ந்திருப்போமா என்பது தெரியாது, வழக்கும் முடியவில்லை. அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

அந்த அடையாளங்களை எழுதிய நோட்டுக் காகிதம் என் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நர்மதா பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சார்ட் செய்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கிறேன், என் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறாள்! போன வாரம்தான் சாணை பிடித்தது.

“அடியே! கைய ஒடிச்சுப்புடுவன்! அட்டை வெட்டற கத்திரியாடி அது?” என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன்.

அவள் கை அப்படியே நின்றது. கோர்ட்டு அறையில் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்கு உயிரே போய்விட்டது.

எழுந்து சுவரோரம் போனாள். காகிதத்தில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நேத்து தூங்குனியா?”

“தூங்குனேன் சாமி.”

“மாத்திரை?”

“போட்டேன்.”

“துணியெல்லாம் அளவு பாத்துத்தான வெட்டற?”

“ஆமா சாமி.”

கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டிவிட்டுத் திரும்பினாள்.

“அப்ப இது வெறும் கோவந்தான். கத்திக்கோ” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்து அதே கத்தரிக்கோலை எடுத்தாள்.

நான் கத்தினேன். அவள் சிரிக்கச் சிரிக்க, தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன்.