மிச்சம் பிடித்த தண்ணீர்

ஐந்தாம் வகுப்புச் சுவரில் அந்த அட்டவணையை ஒட்டியது அறிவியல் டீச்சர்தான். முப்பத்திரண்டு பெயர்கள். வீட்டில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் ஒரு நீல நட்சத்திரம். பல் தேய்க்கும்போது குழாயை மூடுங்கள், ஷவரை விட்டு வாளியில் குளியுங்கள் என்று ஒரு வாரம் தொண்டை வறளக் கத்தியவளுக்கு, பிள்ளைகள் முண்டியடித்து நட்சத்திரம் ஒட்டியதைப் பார்க்கப் பெருமை பிடிபடவில்லை.

எல்லோரையும் முந்தியவள் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. பத்தே நாளில் அவளுடைய வரிசை அட்டவணையைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. இரண்டு நாளாக அவள் வாயே திறக்காததை டீச்சர் கவனிக்கத்தான் செய்தாள். பரவாயில்லையே, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் விளையாட்டு வகுப்பு முடிந்து மாடிப்படி ஏறும்போது ரேடியோ அப்படியே சரிந்து விழுந்தாள். வாரித் தூக்கிய டீச்சரின் கையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. உதடுகள் தோலுரிந்து வெடித்திருந்தன.

"உடம்புல தண்ணியே இல்ல," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "கிட்னி அடி வாங்கியிருக்கு. சலைன் ஏறுது. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகணும். போகலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும். அங்கயும்..." மேலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

தையல் கம்பெனியிலிருந்து ரேடியோவின் அம்மா வந்து சேர்ந்தாள். தலைமுடியெல்லாம் நூல் துணுக்கு.

"வீட்டுல தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா அவ?"

"எங்க குடிச்சா, டீச்சர்? நாலு குடித்தனத்துக்கும் ஒரே குழாய். எங்க பங்கு ஒரு நாளைக்கு மூணு குடம். அதுல எதைக் குறைக்கிறது? 'சமையலுக்கு வேணும், துவைக்க வேணும், நான் குடிக்கிறதைக் குறைச்சுக்கிறேன்மா'ன்னா. விளையாட்டுக்குச் சொல்றான்னு விட்டுட்டேன். ஸ்கூல்ல குடிச்சுப்பான்னு நெனச்சேன் பாவி."

ஷவரும் தோட்டமும் உள்ள வீடுகளுக்கான பாடத்தை மூன்று குடம் தண்ணீர் வருகிற வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்தே நடத்தியிருக்கிறாள். டீச்சருக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்னோடதும்மா. என்னைத் திட்டுங்க."

அந்த அம்மா திட்டவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது டீச்சருக்கு.

அப்போதுதான் நினைவு வந்தது: இன்னும் முப்பத்தொரு பேர்!

பள்ளிக்கு ஓடி, முகவரிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக இறங்கினாள். முதல் வீட்டுக்காரி, "அதை ஏன் கேக்குறீங்க, ஒரு வாரமா குளிக்கவே மாட்டேங்குறான். பக்கத்துல நிக்க முடியல!" என்று அலுத்துக்கொண்டாள். டீச்சருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒன்பதாவது வீட்டில் அந்த நிம்மதியும் போனது. இரட்டைச் சகோதரிகள் இருவரும் காலையிலிருந்து ஒரே ஒரு டம்ளரைப் பங்கு போட்டுக் குடித்திருந்தார்கள்.

"குடிங்கடி கண்ணுங்களா, இப்பவே குடிங்க," என்று வாசலிலேயே மண்டியிட்டாள்.

"குடிச்சா ஸ்டார் போயிடுமே டீச்சர்?" என்றாள் மூத்தவள்.

"போகட்டும். எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன். டீச்சர் சொன்னது தப்பு. குடிம்மா."

இரண்டு பேரும் செம்பைக் காலி செய்யும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் வீடு வீடாக அதே கேள்வி, அதே கெஞ்சல். சிலர் வினோதமாகப் பார்த்தார்கள், ஒரு அப்பா, "இப்பதான் புத்தி வந்துச்சா உங்களுக்கு?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டார். தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். நேரம் ஆக ஆக வேகம் கூடியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

இருபத்து மூன்றாவது வீட்டைவிட்டு இறங்கும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை.

"டீச்சர்! ஒண்ணுக்குப் போயிட்டா டீச்சர்! மெத்தையெல்லாம் நனைச்சுட்டா!" அந்த அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பார்க்கணும்னு டாக்டர் சொல்றார். ஆனா போயிட்டா டீச்சர்!"

டீச்சர் நடுத்தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி என்ன ஏது என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்று கையசைத்து எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.