திரையில் ஓர் அலமாரி

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அபிகேல் அதைச் சொன்னாள். காசை எண்ணிக்கொண்டிருந்த அவள் கணவன் ஆர்னால்ட் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா குரலைப் பத்திரமா எடுத்து வச்சிட்டேங்க. நேத்தே, அலமாரிக்குள்ள."

"எந்த அலமாரி?"

"கம்ப்யூட்டர்ல நீங்க வரைஞ்சு வச்சிருக்கீங்கள்ல, அப்பாவோட அலமாரி. அதுலதான் லா."

அது அலமாரி இல்லை. குப்பைத்தொட்டி.

ஆர்னால்டின் கிறுக்கு அப்படி. யாரோ கழித்துக்கட்டிய விண்டோஸ் 98 பெட்டியைப் பொங்கோல் வீட்டுக்குத் தூக்கிவந்து, அதன் ஐகான்களைப் புள்ளி புள்ளியாக மாற்றி வரைந்துகொண்டிருப்பான். 'மை கம்ப்யூட்டர்' இருந்த இடத்தில் ஒரு டிபன் கேரியர். நெட்வொர்க்குக்கு எம்ஆர்டி ரயில். குப்பைத்தொட்டிக்கு மட்டும் இரண்டு படம் வைக்கலாம், காலியாக இருந்தால் ஒன்று, நிறைந்திருந்தால் ஒன்று. விடுவானா? மாமனார் ஆம்ப்ரோஸ் விட்டுப்போன தேக்கு அலமாரியை வரைந்தான். காலி என்றால் கதவு சாத்தியிருக்கும், நிறைந்தால் லேசாகத் திறந்திருக்கும். கீழே இருந்த பெயர் அழகைக் கெடுக்கிறதென்று அதையும் அழித்துத் தொலைத்தான். அந்த வீட்டில் நகை, பாஸ்போர்ட், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாமே அந்த அலமாரியில்தான் இருக்கும். அபிகேல் வேறு எங்கே வைப்பாள்?

ஆம்ப்ரோஸ் பேசிப் பதிந்த ஒரே ஒரு கேசட் இருந்தது. புது மடிக்கணினியில் பழைய ரெக்கார்டரின் வயரைச் சொருக வழியில்லாததால் இந்தப் பெட்டியில்தான் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் நாடா சிக்கிக் கிழிந்துபோனது. இன்று அவருடைய முதல் வருட நினைவுநாள். காலையில் சர்ச்சில் பூசை முடிந்துவிட்டது. சாயந்தரம் அவள் தம்பியும் தங்கையும் சாப்பிட வருகிறார்கள். அந்தக் குரலைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

ஞாயிறுதோறும் குப்பையைக் காலி செய்வது ஆர்னால்டின் வழக்கம். பழைய பெட்டியில் இடம் கொஞ்சம். இன்று காலையும் மவுஸை அழுத்தினான், அது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் "பூசைக்கு நேரமாச்சுங்க!" என்று அவள் கத்தினாள். திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடினான். நடுவில் என்ன செய்தான் என்பது எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டும் நினைவுக்கு வரவில்லை.

ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. இந்தக் கதவருகே நின்றான், அந்தக் கதவருகே போனான். கறிப்பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தான். சிராங்கூன் ஸ்டேஷன் வந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அவளோ தங்கையிடம் ஃபோனில், "எல்லாம் ரெடி, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டி பழசு, தானாகவே படுத்துவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவனுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

வீட்டு லிஃப்டுக்குள் ஏறியதும் சொல்லிவிட்டான்.

"அபி, அது அலமாரி இல்ல. குப்பைத்தொட்டி. காலையில நான்... காலி பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்."

லிஃப்ட் நின்றதும் அவள் விறுவிறுவென்று நடந்து கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்த் திரையைப் போட்டாள்.

திரையின் நடுவே ஒரு சின்னக் கட்டம் காத்திருந்தது. காலையில் கேட்ட கேள்வியை இன்னும் கேட்டபடியே இருந்தது. 'அப்பா' என்பதை நிச்சயமாக அழிக்க வேண்டுமா? ஆம். இல்லை.

ஆர்னால்ட் அந்தக் கேள்வியை ஒருநாளும் படித்தவனில்லை. பார்க்காமலே 'ஆம்' அழுத்திப் பழகிய கை. இன்று அவள் போட்ட சத்தம்தான் அந்தக் கையை நிறுத்தியிருக்கிறது.

அபிகேல் 'இல்லை'யை அழுத்தினாள். உள்ளே கிடந்ததை வெளியே இழுத்தாள்.

"எங்கப்பாவ நானே என் கையால குப்பையில போட்டிருக்கேன்" என்றாள். கண்ணீர் கொட்டியது. இன்னொரு பிரதி எடுத்துவைக்கலாமென்று அவன் மவுஸை நோக்கிக் கை நீட்டினான்.

"தொடாதீங்க."

அவளே தட்டினாள். முதலில் இரைச்சல், பிறகு ஒரு செருமல். அப்புறம் ஆம்ப்ரோஸ், சந்தேகத்தோடு:

"ஏய் அபி, இது பதியுதா? நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதுப்பா" என்றாள் அபிகேல், மவுஸிலிருந்து கையை எடுக்காமலே.