ஒரு கை உப்பு

நாலாயிரத்து முந்நூற்று எழுபது. அவ்வளவு காசு மூட்டைக்காரன் தன் பெண்டாட்டிக்குத் தர வேண்டும். கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி அவனுக்குப் பெயரே அதுவாகிவிட்டது. அவள் ஒரு பெரிய ஓட்டலில் பின்வாசல் வழியாகப் போய்ப் பாத்திரம் கழுவினவள். சோள ரொட்டியில் ஸ்டேக் கறியும் இறாலும் வைத்து மடித்த டாக்கோ போய்வருகிற தட்டுகளைப் பதினோரு வருஷம் கழுவினாள்; ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. ஒரு நாள் முன்வாசல் வழியாகப் போய், புருஷனோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும் என்று பால்பவுடர் டப்பாவில் சேர்த்த காசு அது. "ஒரே வாரம்" என்று அதை வாங்கிக்கொண்டு போய், கூட்டாளி ஒருவனை நம்பிப் பழைய தள்ளுவண்டிக்கு முன்பணம் கொடுத்தான். வண்டியும் வரவில்லை, கூட்டாளியும் வரவில்லை.

மூன்று வருஷமாக அவன் வீட்டுக்குள் காலை வைத்ததும் முதல் பேச்சு அதுதான்.

"வாங்க துரை. என் நாலாயிரத்து முந்நூத்தி எழுபது வந்துதா?"

"வந்துக்கிட்டே இருக்கு. நொண்டி நொண்டி வருது."

இப்போது ஆஸ்பத்திரியில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நர்சம்மா அவனைத் தனியே கூப்பிட்டு, "ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க" என்றாள். எத்தனை மூட்டைக்கும் அசையாத இடுப்பு, அந்த ஒரு பேச்சில் விட்டுப்போனது.

அவள் கேட்டது டாக்கோ. பேசினால் மூச்சு வாங்கியது. செய்முறையைப் பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஓட்டல் சமையல்காரர் கையைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டது.

"வாசிச்சுடுவீங்களா? இல்ல, நான் சொல்லட்டுமா?"

"ஏன், எனக்கு எழுத்து தெரியாதா? நீ பேசாம படு."

நாற்பத்திரண்டு வயசில் எழுத்துக் கூட்டக் கற்றவன். ரோஷம் மட்டும் பட்டம் வாங்கினவன் மாதிரி.

இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்தான். தடித்த விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது. தண்ணீர் சிதறிப் பில் நனைந்தது. 'மிளகுத்தூள், பூண்டு, ஒரு' என்று ஒரு வரி நின்றது. அதன் முனையில் மை கரைந்து ஒரு கறை. அடுத்த வரி 'கை உப்பு' என்று தொடங்கியது. ஒரு கை உப்பு. இரண்டு தடவை கூட்டிப் படித்தான். அள்ளினான். கறிக்கு ஒரு கை, இறாலுக்கு ஒரு கை. சாக்கின் காதைப் பிடித்துப் பிடித்தே அகன்றுபோன கை.

இரும்புச் சட்டி புகைந்ததும் கறியைப் போட்டான்.

"புரட்டிக்கிட்டே இருக்காதீங்க, விடுங்க" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

எடுத்து ஐந்து நிமிஷம் சும்மா விட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டினான். இறால் சுருண்டு சிவந்தது. சோள ரொட்டியை வாட்டி, கறியும் இறாலும் வைத்து, வெங்காயம் மல்லித்தழை தூவி, எலுமிச்சை பிழிந்து மடித்தான். பார்வைக்கு ஓட்டல் தோற்றுப்போகும்.

அவளைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தான். முன்வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். திறந்தான். கடித்தாள். மெள்ள மென்றாள். அவன் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கியது.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் சரியா இருக்கு. உப்புதான் பத்தலை."

மிச்சத்தை வாங்கி ஒரு கடி கடித்தான். நாக்கு சுருண்டது, கண்ணில் நீர் முட்டியது. துப்பப் போனவன் விழுங்கினான். பில்லை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். கறைக்குள்ளே 'சிட்டி' என்று நிழலாகத் தெரிந்தது. ஒரு சிட்டிகை.

அவள் நாக்கு அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது.

"ஆமா, கொஞ்சம் கம்மிதான். அடுத்த தடவை சரியாப் போடறேன்" என்றான்.

"அடுத்த தடவையா!" அவள் சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது. "போதுங்க. ஓட்டல்ல உக்காந்து சாப்பிட்ட மாதிரிதான். அந்த நாலாயிரத்து முந்நூத்தி எழுபதை விட்டுட்டேன். நீங்க தர வேணாம்."

"அது எப்படி நீ விடலாம்? கேளு. நாளைக்கும் கேளு."

"இல்லைங்க. தீந்துடுச்சு."

மறுநாள் வேலை விட்டு வந்து வீட்டுக்குள் காலை வைத்தான். அவள் விழித்துத்தான் இருந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் வெளியே போய், கழற்றின செருப்பை மறுபடி மாட்டி, கதவைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு இன்னொரு தடவை உள்ளே வந்தான்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.