வழக்கொழிந்த தையல் மெஷின்

காட்சிக்கூடத்தில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதைக் காப்பாளர் நெடுநாளாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். சின்னப் பீரங்கி ஒன்று இருந்தது. பாதுகாப்புக்காக என்று சொல்லித் தலைமை அருங்காட்சியகம் அதைத் தூக்கிப்போனது. பழங்காசுகளும் அப்படியே பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்தன. யாரும் பாதுகாக்க முன்வராத பழைய புத்தகங்களைக் கரையான் பொறுப்பேற்றுக்கொண்டது. மிச்சம் இருந்தவை காலிக் கண்ணாடிப் பெட்டிகள், ஒழுகும் கூரை, "தொடாதீர்கள்" என்றொரு பலகை.

இந்த லட்சணத்தில் அருங்காட்சியக வாரியத் தலைவர் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. இடம் மேம்பட்டிருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். மூடினால் வேலையோடு, கூடத்துக்குப் பின்னால் அவரும் மனைவியும் குடியிருந்த இரண்டு அறைகளும் போய்விடும்.

காப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து சுவருக்கு வெள்ளையடித்தார். ஒழுகும் இடத்தில் வீட்டுப் பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார். சும்மா வைத்தால் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடுமே என்று, "மழைநீர் சேகரிக்கும் தொல்கலம்" என்று ஓர் அட்டை எழுதிச் சாய்த்துவைத்தார். எழுதியதைத் தள்ளிநின்று படித்தபோது அவருக்கே மரியாதை வந்தது. அப்போதுதான் வழி தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் சல்லடை, இஸ்திரிப்பெட்டி, திரி இல்லாத லாந்தர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரலாற்றில் இடம்பிடித்தன. பீரங்கி இருந்த பெரிய பெட்டிதான் மானத்தை வாங்கியது. அதற்கு ஈடாக வீட்டில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: மனைவியின் கால்மெஷின். காப்பாளரின் சம்பளம் தலைமையகத்துக்கு நினைவு வரும்போது வரும். அடுப்பு எரிந்ததெல்லாம் அந்த மெஷின் ஓடியதால்தான்.

அவள் லேசில் சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்தன. கடைசியில், பெட்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அவள் கண்ணாடிக்குள்ளேயே உட்கார்ந்து தைப்பது, தலைவர் வரும்போது மட்டும் எழுந்துபோவது என்று முடிவானது. அட்டையைப் படித்த பிறகு மறுபடி சண்டை வந்தது. "பல நூற்றாண்டுகள் கண்ட மகளிர் உழைப்புக் கருவி. இயக்கும் முறை வழக்கொழிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்.

"வழக்கொழிஞ்சு போச்சா? அப்ப நேத்து நான் தைச்சது என்னங்க?"

"பேசாம இரு. அப்படி எழுதினாதான் பெருமையா இருக்கும்."

தலைவர் குளிர்கண்ணாடியோடு வந்து, அதைக் கழற்றாமலே பாதிக் கூடத்தைப் பாராட்டி முடித்தார். அண்டாவுக்கு முன்னால் நின்றபோது மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. "இன்னமும் வேலை செய்யுதே" என்று வியந்தார். பெரிய பெட்டிக்கு வந்ததும் குளிர்கண்ணாடி கழன்றது. ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டைக் கை ஒன்று மாட்டியிருந்தது. அந்தக் காலத்து நெசவே தனி என்றார்.

"காப்பாளரே, இப்பேர்ப்பட்ட பொக்கிஷத்தைப் போய் ஒழுகற கூரைக்குக் கீழ வெச்சிருக்கீங்களே" என்று கடிந்துகொண்டு, வண்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுவரும்படி டிரைவரிடம் சொன்னார்.

காப்பாளர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மோசடிக்காரர். சொல்லாவிட்டால் நாளைக்கு உலை கொதிக்காது. வாசற்படியில் நின்ற மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அது பழசு இல்லீங்க. என் வீட்டுக்காரியோடது. பெட்டி காலியா இருக்கேன்னு நான்தான் வெச்சேன். அட்டையும் நான் எழுதினதுதான்."

தலைவர் அட்டையை மறுபடி படித்தார். காப்பாளரைப் பார்த்தார். இரண்டில் அட்டைதான் நம்பும்படி இருந்தது போலும்.

"பொருள் மேல பாசம் வெச்சவங்க இப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க. பீரங்கிய எடுத்தப்ப உங்களுக்கு முன்னாடி இருந்தவர் அதக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாராம்."

மனைவி அதற்குமேல் நிற்கவில்லை. விறுவிறுவென்று வந்து பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்து, மிதியை அழுத்தி, சட்டைக் கையின் மீதியை ஒரே ஓட்டாக ஓட்டி முடித்தாள். தலைவர் கைதட்டினார்.

"வழக்கொழிஞ்ச முறையப் பாத்தே கத்துக்கிட்டாங்களே!"

"என் மெஷினுங்க இது. அதனாலதான் தெரியுது."

"சந்தேகமென்னம்மா. நம்ம எல்லாருடையதும்தான்."

டிரைவர் நூலை அறுத்தான். சட்டைக் கையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால் அது மட்டும் வரலாற்றுக்குப் போகாமல் தப்பியது. மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டே பின்வாசல் வழியே போனது. காப்பாளர் தலைவரின் பின்னால் ஓடினார். போனது போகட்டும், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற நப்பாசை.

"அப்ப இந்த இடம் நடக்கும்தானே ஐயா?"

தலைவர் வண்டியில் ஏறியபடி இரக்கத்தோடு திரும்பினார். "இனிமே இங்க காக்கறதுக்கு என்ன இருக்கு, காப்பாளரே? மாசக் கடைசியில சாவிய அனுப்பிடுங்க. உங்க சேவைய நாங்க மறக்கமாட்டோம்."

வண்டி போனபின் காப்பாளர் கூடத்துக்குத் திரும்பினார். காலிப் பெட்டிக்குள் முக்காலியில் உட்கார்ந்து மனைவி அடுத்த சட்டையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். அட்டை இன்னும் முன்னால் நின்றது. அதை எடுக்கக் குனிந்தார்.

"இருக்கட்டும். இனிமே அது பொய்யில்ல" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த அண்டாவையாவது உள்ள கொண்டுபோய் வைங்க. அதுக்கும் ஆள் வந்துறப்போகுது."

அவர் அண்டாவைத் தூக்கினார். அதற்காகவே காத்திருந்ததுபோல் அடுத்த சொட்டு அவர் பிடரியில் விழுந்தது.