நின்றபடி ஓடிய வண்டி

சாவியைத் திருப்பியதும் எரிந்த விளக்குகள் வண்டி உறுமியதும் அணைந்தன; ஒன்று மட்டும் அணையவில்லை. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. பிரவீனா வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினாள். அது எரிந்துகொண்டேதான் இருந்தது. மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, சோறாக்கி, புருஷனைக் குளிக்கவைத்து, துணி மாற்றிவிட்டு, ஒரு வழியாகக் கண்ணை மூடலாம் என்கிற நேரத்தில்தான் வண்டியைக் கழுவி வைக்க வந்திருந்தாள். எடப்பாடியிலிருந்து அங்கமுத்து என்கிற தறிக்காரர் சாயங்காலம் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

புருஷன் தமிழரசு வருஷக்கணக்கில் அடுத்தவர் லாரி ஓட்டி, கடைசியில் சொந்தமாக வாங்கிய பிக்கப் அது. வாங்கிய கோடையிலேயே பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து வண்டி வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையிலேயே நின்றது. விற்றுவிடலாமா என்று அவள் கேட்டபோது தலையை ஆட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா என்று அவள் திரும்பக் கேட்கவில்லை.

சங்ககிரியில் கலையரசனின் பட்டறைக்கு அவளே ஓட்டிப் போனாள். நல்லாயிருந்த நாளில் தமிழரசு பழக்கிவிட்டது. கலையரசன் ஒரு கருவியை ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகி, வந்த எண்களை வெகுநேரம் பார்த்தான்.

"வண்டி எங்கீங்கக்கா ஓடுது?"

"எங்கியும் ஓடலீங்க. ஊட்டுலதான் நிக்குது."

"கிலோமீட்டரு ஓடல. ஆனா எஞ்சின் நெம்ப நேரம் ஓடியிருக்குதுங்க. நிறுத்தி வெச்சபடியே யாரோ தெனமும் ஸ்டார்ட் பண்ணி உட்டிருக்கறாங்க. அதான் புகை ஃபில்டருல கரி அடைச்சுக்கிச்சு."

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கொட்டகையில் எப்போதும் கிடந்த டீசல் வாடை. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒவ்வொரு தடவையும், நடக்கவே மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனது. இவள் மில்லிலிருந்த ராத்திரிகளில், கட்டிலிலிருந்து வாசல். வாசலிலிருந்து கொட்டகை. அப்புறம் இவளே மூச்சுப் பிடித்து ஏறும் அந்த வண்டிப் படி.

"இப்ப வேணா இந்த எர்ரர அழிச்சுடறனுங்க. லைட்டு போயிரும், ஆனா நாலு நாள்ல மறுபடி வந்துரும்," என்றான் கலையரசன். "இல்லீன்னா பைபாஸ்ல நிக்காம ஒரே வேகத்துல ஓட்டுங்க. சூட்டுல கரி எரிஞ்சுபோயிரும்."

அழித்துவிட்டால் அங்கமுத்து வாங்கிப் போய்விடுவார். அவள் தூங்கலாம். முதலில் தோன்றியது அதுதான். ஆனால் வாய் என்னவோ, "வேண்டாங்க, ஓட்டிப் பாக்கறேன்," என்றது.

வீட்டில் தமிழரசு ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"தெனமும் வண்டியில ஏறுனீங்களா?"

அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். "ஏறப் பழகவே... நெம்ப நாளாச்சு."

"உழுந்திருந்தா யாருங்க தூக்கறது?"

"உழுந்தேன்," என்றார்.

பாத்ரூமில் இடித்துக்கொண்டதாக அவர் சொன்ன முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டவள் இவள்தான். கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"எதுக்குங்க?"

"சத்தங் கேக்க."

கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க," என்றாள். "பைபாஸ்ல ஓட்டோணுமாம்."

அவர் ஏறியதை அன்றைக்குத்தான் பார்த்தாள். இடது கையால் கதவின் மேல்கம்பியைப் பிடித்து, நல்ல காலைப் படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, வராத காலை மூட்டை இழுப்பது போல இழுத்துக்கொண்டார். பின்னால் இரண்டு கையையும் விரித்து நின்றவள் கடைசிவரை தொடவில்லை.

பவானிப் பக்கம் திருப்பினாள். வெயில் தார்மேல் தண்ணீர் போல மினுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தூக்கமில்லாத கண்ணும் எரிந்தது. அவர் ரோட்டையே பார்த்திருந்தார். "கியர மாத்தாத," என்றார் ஒருமுறை. "அப்படியே போ."

மடியில் போன் அடித்தது. அங்கமுத்து. "எடப்பாடிக்காரருங்க," என்றாள். கையை எடுக்க முடியாமல் அவள் தடுமாறும்போதே அவர் இடது கையை நீட்டிப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நாக்கு குழறுகிறதென்று வெளியாள் யாரிடமும் வாயே திறக்காமலிருந்த மனுஷன்.

"அலோ... தமிழரசு பேசறனுங்க."

அந்தப் பக்கம் புரியவில்லை போல. அவர் இன்னும் நிறுத்தி, இன்னொரு முறை பேரைச் சொன்னார். "வண்டி... ரோட்டுல போயிட்டிருக்குதுங்க." விக்கறீங்களா இல்லீங்களா என்று அங்கமுத்து கேட்டது அவள் காதிலும் விழுந்தது. "தெரீலீங்க," என்றார். அப்புறம், "ஊட்டுக்காரி ஓட்றா," என்றார்.

முன்னால் சிமெண்ட் ஏற்றிய லாரி ஒன்று திணறியபடி இடப்பக்கம் ஒதுங்கியது. பிரவீனா காலைத் தளர்த்தாமல் அதைக் கடந்தாள். கண்ணாடி இறக்கிய சன்னல்கள் வழியாகச் சூடான காற்று இரண்டு பேர் முகத்திலும் வந்து அறைந்தது.