ஊசியை அசைத்த குரல்

அந்தத் தெருவில் அவளுக்கு சைரன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது. தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். கடையில் இருந்தபடி மாடியிலிருக்கும் கணவரைக் கூப்பிட்டால், நாலு வீடு தள்ளி இருப்பவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட தொண்டைக்குத்தான் கட்டி வந்தது.

குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். சொன்னவர் அதோடு விட்டிருக்கலாம். அவள் கணவரைப் பார்த்து, "இனிமே வீடு அமைதியா இருக்கும் சார்" என்று ஒரு நகைச்சுவையும் சேர்த்தார். கணவர் பஸ் டிரைவர். ஓட்டுநருடன் பேசாதீர் என்று பஸ்ஸில் எழுதியிருப்பதை வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்கிறவர். அவர் சிரிக்கவில்லை. அவள் மட்டும் அந்த நகைச்சுவையை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

தெருவுக்குச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? எல்லோரும் வருத்தப்பட்டார்கள், வருத்தப்பட்ட கையோடு அதே நகைச்சுவையைச் சொன்னார்கள். பக்கத்தில் சோபா கடை வைத்திருந்தவர்தான் உச்சம். அவருடைய சரக்கு வேன் தினமும் அவள் கடை ஷட்டரை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். தினமும் அவள் கத்துவாள், தினமும் அவர் முனகிக்கொண்டே எடுப்பார். அன்று வேனை எடுக்கும்போது, "இன்னும் கொஞ்ச நாள் ஆசை தீரக் கத்திக்கோங்கக்கா. அப்புறம் எனக்கு நிம்மதி" என்றார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷனை நினைத்துக்கூட இவ்வளவு பயமில்லை. ஷட்டர் முன்னால் வேன் நிற்கிறது, தான் வாயைத் திறக்கிறாள், காற்று மட்டும் வருகிறது, அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது அடிக்கடி கண்முன் வந்தது. வரும்போதெல்லாம் கையில் இருந்த ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தாள்.

மகள் போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் பேசினால் போதும், அதன்பிறகு எழுதுவதையெல்லாம் அது அவள் குரலிலேயே பேசுமாம். பேசியது. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தலைசீவி உட்காரவைத்த குரல். 'வண்டியை எடு' என்று எழுதினால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சொன்னது.

"இது யாரோ லோன் வேணுமான்னு கேக்கறவ. நான் இல்ல."

"சரி, அப்ப சும்மா ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கலாம்மா. போன்லயே."

"போன் இரைச்சலக் கழிச்சிட்டு மிச்சத்தத்தான் வெச்சுக்குது. என்கிட்ட இரைச்சலத் தவிர என்னடி இருக்கு? என் தொண்டை ஒரு ஊசியையாவது அசைச்சுதுன்னு எனக்குத் தெரியணும்."

ஊசி என்று வாய் தவறி வந்ததா, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாளா தெரியாது. மறுநாளே பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று கடைக்கு வந்தது. கடையில் ஊசிக்கா பஞ்சம்? தடித்த துணி தைக்கிற ஊசி ஒன்றை எடுத்தாள். பால்பவுடர் டப்பாவின் வாயை மூடியிருக்கும் மெல்லிய தகட்டை ஒரு பெரிய புனலின் குறுகிய பக்கத்தில் இழுத்து ஒட்டினாள். தகட்டின் நடுவில் ஊசி. புனலுக்குள் கத்தினால் தகடு அதிரும், தகடு அதிர்ந்தால் ஊசி ஆடும், ஊசி ஆடினால் சுழலும் தட்டில் கோடு நெளியும். ஊசி மெல்ல மெல்ல உள்ளே நகர, ஒரு மரை போட்ட கம்பியும், அதைத் திருப்ப தையல் மெஷின் பெல்ட் ஒன்றும். மின்சாரம் தட்டைச் சுழற்றுவதற்கு மட்டும். கோட்டைக் கீற வேண்டியது தொண்டையின் வேலை.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டில் கீறினாள். தட்டு அலைபாய்ந்து ஊசி துள்ளியது. பழைய சிடியில் கீறினாள், கீறலே விழவில்லை. பிறகுதான் அலமாரியில் கிடந்த எக்ஸ்ரே படங்கள் கண்ணில் பட்டன. கணவர் பஸ்ஸிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்ட முழங்கையை வட்டமாக வெட்டி, நடுவில் துளைபோட்டு மாட்டினாள். ஊசியைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் போட்டுச் சூடாக்கினாள். சூடு கூடிப்போய் முழங்கை பொசுங்கி நாறியது. அடுத்து மகளின் சின்ன வயசு நெஞ்சுச்சளி. பெல்ட் தொய்ந்து ஊசி நகராமல் ஒரே வட்டத்தில் முட்டிக்கொண்டது. போட்டுப் பார்த்தால், "ஹலோ ஹலோ ஹலோ" என்று விடாமல் அதையே சொன்னது.

"பெல்ட்டப் பிடிச்சுக்கங்கன்னா எங்க பார்த்துட்டு இருக்கீங்க?" என்று கணவர் மேல் பாய்ந்தாள். பாதியில் குரல் உடைந்து இருமல் வந்தது.

அதுதான் சிக்கல். டாக்டர் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்றிருந்தார். ஒவ்வொரு சோதனையும் மிச்சமிருந்த குரலில் கொஞ்சத்தைத் தின்றது. மகள் கண்கலங்கி, "வாயை மூடிட்டு இரும்மா, கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள்.

"மூடத்தான் போறாங்க. அதுவரைக்கும் நானா எதுக்கு மூடணும்?"

ஆபரேஷனுக்கு முந்தின மதியம் ஒரே ஒரு படம்தான் மிச்சமிருந்தது. அவளுடைய தொண்டை.

"அது நாளைக்குக் கொண்டுபோகணும்" என்றார் கணவர்.

"அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். இல்லேன்னா இன்னொண்ணு எடுக்கட்டும். இதுல இருக்கறது என் தொண்டைங்க. கட்டியோட படம் மட்டும் எதுக்கு? கூடக் குரலும் இருக்கட்டும்."

கணவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கத்திரிக்கோலை அவரே எடுத்துவந்தார்.

மகள் ஒரு காகிதத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதிக்கொடுத்திருந்தாள். இத்தனை பாடுபட்டுத் தட்டு செய்தவளுக்கு, புனலுக்கு முன்னால் முகத்தை வைத்ததும் விழா மேடையில் ஏறிய மாதிரி ஆகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, காகிதத்தைப் பார்த்து, "அனைவருக்கும் வணக்கம். என் அன்பான குடும்பத்தாருக்கு..." என்று ஆரம்பித்தாள். ஊசி நோகாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. கோடு விழுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. கணவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே வேன் பின்னால் வரும் பீப் பீப் கேட்டது. ஷட்டரின் வெளிச்சம் மறைந்தது.

அவள் காகிதத்தை மறந்தாள். புனலை மறக்கவில்லை, மறக்க நேரமில்லை. முகம் அதற்குள்தான் இருந்தது.

"வண்டிய எடுய்யா!"

வெளியே சோபாக்காரர் திடுக்கிட்டு ஹார்னை அழுத்திவிட்டார். உள்ளே அவள் கத்தத் தொடங்கியதுமே கணவர் கை பதறி பெல்ட் நழுவியிருந்தது. ஊசி நகராமல் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே போய் முட்டியது. அவர் சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டார்.

போட்டுப் பார்த்தார்கள். நல்ல வார்த்தைகள் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் கேட்டன. அப்புறம் கத்தல் விழுந்த அந்தக் கடைசி வட்டம் வந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு முறை எடுக்கப் படமும் இல்லை, குரலும் இல்லை. அவள் வாயைத் திறந்து ஏதோ சொல்லப்பார்த்தாள். தேய்த்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். படம் எங்கே என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டினாள். பதிலுக்குத் திட்ட முடியாமல் இருந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை.

காயம் ஆறி, மூச்சு விடுவதற்காகப் போட்ட கழுத்துத் துளையை ஒரு துணியால் மறைத்துக்கொண்டு கடை திறக்க வந்த அன்று, வேன் ஷட்டரை ஒட்டி நின்றிருந்தது. இத்தனை நாளும் அங்கேயேதான் நின்றதாம். அவள் வேனைத் தட்டினாள். சோபாக்காரர் வெளியே வந்தார்.

"வாங்கக்கா. உடம்பு எப்படி இருக்கு?"

அவள் வேனைக் காட்டினாள்.

அவர் காதருகே கையை வைத்துக்கொண்டு, "என்னக்கா, ஒண்ணும் கேக்கலையே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். ரெக்கார்டு பிளேயரை மாடிக்குத் தூக்கிப்போய் ஜன்னல் திட்டில் வைத்தாள். ஸ்பீக்கரைத் தெருவைப் பார்க்கத் திருப்பி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் முறுக்கினாள். தொண்டைப் படத்தை மாட்டி ஊசியை வைத்தாள்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றது தட்டு, கரகரவென்று. சோபாக்காரர் அண்ணாந்து பார்த்தார். "அட, நல்லா பேசுறீங்களே."

பிறகு அந்த வட்டம் வந்தது.

வண்டிய எடுய்யா. வண்டிய எடுய்யா. வண்டிய எடுய்யா. வண்டிய எடுய்யா.

நாலு வீடு தள்ளி இருப்பவர் எட்டிப் பார்த்தார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சைரன் நாற்காலி ஒன்றை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தெருவில் யாரோ சிரித்தார்கள், இந்தத் தடவை அவளைப் பார்த்து அல்ல.

"சார், நிறுத்தச் சொல்லுங்க சார்" என்று சோபாக்காரர், வேலை முடிந்து வந்துகொண்டிருந்த கணவரிடம் ஓடினார்.

"அவ பேசிட்டு இருக்கா" என்றார் கணவர். "நடுவுல நான் எப்படிங்க?"

சோபாக்காரர் சாவியைத் தேடினார், வேனில் ஏறினார், கிளப்பினார். வேன் தெருமுனை திரும்பி மறைந்தது. கணவர் கீழே நின்று மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், போதும் என்று.

அவள் கை ஊசியைத் தூக்கப் போகவில்லை. ஒரு தடவை சொன்னதோடு நிறுத்தியவள் என்று அந்தத் தெருவில் யாரும் அவளைச் சொன்னதே இல்லை.